'உழைச்ச கட்டை' என்று சொல்லி முடிக்காமல், நம் அப்பத்தா, அம்மிச்சிமார் செய்த வேலையை எழுதுவோம்

கிளுவைவேலி (வெள்ளகோவில் பக்கம்):

போன மாசியில் எங்கள் அப்பத்தா தவறிவிட்டார். இழவுக்கு வந்த ஒறம்பரை எல்லாரும் சொன்னது ஒரே பேச்சுதான்: "உழைச்ச கட்டை, நோகாமப் போயிருச்சு." பெரியப்பா அடித்த போஸ்டரிலும் 'உழைப்பின் சிகரம்' என்று போட்டிருந்தார். என் பையன் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்னப்பா வேலை செஞ்சாங்க?" என்று கேட்டான். காட்டு வேலை, மாட்டு வேலை என்பதைத் தாண்டி அங்கிருந்த பெரியவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதற்குத்தான் இந்த இழை. பாசம், தியாகம், கைமணம் எல்லாம் வேறு இடத்தில் நிறைய இருக்கிறது. இங்கே வேலையை மட்டும் எழுதுங்கள். தெரிந்தவரை நுணுக்கமாக.

நானே ஆரம்பிக்கிறேன். எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம், மீதி கொறங்காடு (ஆடு மாடு மேய்கிற மானாவாரி நிலம்). கவலை (எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது) ஓடிய காலத்தில் அப்பாரு, அதாவது தாத்தா, விடிய மூன்று மணிக்கே எருது பூட்டிவிடுவார். கவலை ஓட்டுகிறவர் பெருமையை எல்லோரும் பேசுவார்கள், அதற்குப் பாட்டுக்கூட உண்டு. பரியிலிருந்து (இறைக்கிற சால்) கொட்டிய தண்ணீர் வாய்க்காலில் வந்த பிறகு அதைப் பாத்தி பாத்தியாகக் கட்டியது யார்? அப்பத்தா. இருட்டில், வெறுங்காலோடு, லாந்தரை வரப்பில் வைத்துவிட்டு. ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். சித்த நேரம் கண் அசந்தால் கரை உடைந்து, எருது இழுத்த இழுப்பெல்லாம் வீணாகிவிடும்.

வெயில் ஏறியதும் அப்பாரு எருதை அவிழ்த்துக் கட்டிவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். குறையாகச் சொல்லவில்லை, கவலை ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் அவர் வேலைக்கு ஒரு முடிவு இருந்தது. அப்பத்தாவுக்கு அதற்கு மேல்தான் மாடு கட்டும் கட்டுத்தரை கூட்டி, சாணி வழித்து, தயிர் கடைந்து, கூழ் கரைத்து, பொழுது உச்சிக்கு வருவதற்குள் களைக்கொத்தோடு காட்டில் நிற்க வேண்டும்.

கொறங்காட்டு வேலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெள்ளவேலங்காய் உதிரும் பருவத்தில் மரத்தடி மரத்தடியாகக் குனிந்து பொறுக்கி, மூட்டை கட்டி அட்டாலியில் ஏற்றிவைப்பார். கோடையில் புல் காய்ந்துபோனால் ஆட்டுக்கு அதுதான் தீனி. ஆடு விற்ற காசை எண்ணியது அப்பாரு.

செவலைக்கன்று (காங்கயம்):

நல்ல இழை அண்ணா. தயிர் கடைந்ததை ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள், அதை நான் எழுதுகிறேன்.

நம்ம பக்கத்து வெண்ணெய் பெரும்பாலும் எருமை வெண்ணெய். காங்கயம் பசு கன்றுக்கு ஊட்டியது போகக் கொடுப்பது கொஞ்சம்தான். அந்த இனத்தின் பேரெல்லாம் உழவுக்கும் வண்டிக்கும் நிற்கிற காளையால் வந்தது. வீட்டுச் செலவை ஓட்டியது எருமை. பொழுதோட கறந்த பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவைப்பார் எங்கள் அப்பத்தா. விடியற்காலம், வெயில் ஏறுவதற்கு முன் கடைந்துவிட வேண்டும். சூடு ஏறினால் வெண்ணெய் திரளாமல் இளகிப்போகும். கோடையில் மொடாவைச் சுற்றி ஈரத்துணி சுற்றி, பச்சைத் தண்ணீர் விட்டுவிட்டுக் கடைவார். திரண்டதை உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால் வாரத்துக்கு ஒருமுறை வியாபாரி வந்து எடை போட்டு எடுத்துப்போவார். ஊத்துக்குளி வெண்ணெய் என்று ஊரெல்லாம் பேர்பெற்றது இப்படி ஒவ்வொரு தோட்டத்துச் சாளையிலும் யாரோ ஒரு பொம்பளை கை கடுக்கக் கடைந்ததுதான்.

அந்தக் காசு மட்டும் அப்பத்தாவுக்கு. தாத்தா கணக்குக் கேட்க மாட்டார். சிறுவாடு சேர்த்து, கொள்ளுப் போட்ட தாளிக்குள் (பானை) புதைத்து வைத்திருப்பார். எங்கள் அப்பா காங்கயத்தில் ஹைஸ்கூல் படித்ததற்குச் சம்பளம் கட்டியது அந்தத் தாளிதான் என்று அப்பாவே சொல்வார்.

இன்னொன்று. எருமை பழகிய கைக்குத்தான் சுரக்கும். அதனால் கல்யாணமோ, காதுகுத்தோ, ஆடி நோம்பியோ எதற்குப் போனாலும் பொழுதுக்குள் திரும்பிவிடுவார். பிறந்த வீட்டில்கூட ராத்திரி தங்கியதில்லை.

கோபி வாய்க்கால்:

உங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. எங்களுக்குக் கொடிவேரி அணை, தடப்பள்ளி வாய்க்கால். "தண்ணி இருந்தாச் சொகம்தானே" என்று பெண் கொடுக்கிறவர்கள் சொல்வார்களாம். தண்ணீர் இருந்தால் வேலை இரண்டு மடங்கு என்பது வந்த பிறகுதான் தெரியும் என்பார் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா).

நெல்லோடு மஞ்சளும் உண்டு. வைகாசி, ஆனியில் ஊன்றினால் தை, மாசி வரை பூமியில் கிடக்கும். இடையில் களை, மண் அணைப்பு, மறுபடி களை. வெட்டிய பிறகுதான் அம்மிச்சியின் பெரிய வேலை ஆரம்பிக்கும். மண் உதறி, வேர் ஆய்ந்து, விரலி தனியாகக் கிழங்கு தனியாகப் பிரிக்க வேண்டும். இரண்டும் ஒரே பதத்தில் வேகாது, விலையும் வேறு. அப்புறம் கொப்பரையில் வேகவைப்பது. மஞ்சள் தாளையே அடுப்பில் போட்டு எரிப்பார்கள், அந்தப் புகையில் நாள் முழுக்க நிற்பது. வெந்ததா என்று ஆண்கள் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். அம்மிச்சி எழுந்து வருகிற வாசனையை வைத்தே "எறக்குங்க" என்று சொல்லிவிடுவார்.

காயப்போட்டதைத் திருப்பிப் போட்டு, மழை வந்தால் ஓடி அள்ளி, மூட்டை கட்டும்வரை அவர் கை. ஈரோட்டு மண்டிக்கு வண்டியில் போவது அப்பிச்சி (அம்மாவின் அப்பா). என்ன விலைக்குப் போனது என்பது அம்மிச்சிக்கு அவர் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் ஒரே பெருமை. எனக்கு அம்மிச்சியின் மஞ்சள் ஏறிய நகங்கள்தான் நினைவுக்கு வந்தன. சரி, பாசம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

தறிச்சத்தம் (சோமனூர்):

கரண்டு வந்த கதையை யாரும் சொல்லவில்லையே. பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு மோட்டார் வந்தது அறுபதுகளில். கவலை போயிற்று, எருது வேலை போயிற்று, தாத்தாவுக்கு விடியற்காலைத் தூக்கம் திரும்பி வந்தது.

ஆத்தாவின் (எங்கள் பாட்டி) வேலை? கூடியது. யோசித்துப் பாருங்கள். கவலையில் நாள் முழுக்க இறைத்தாலும் பாய்வது கொஞ்சம் நிலம். மோட்டார் வந்ததும் மானாவாரிக் காடாகக் கிடந்ததெல்லாம் தோட்டமாயிற்று. தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் களை, களை வெட்டுவது பெண்கள். எழுபதுகளில் வரலட்சுமிப் பருத்தி போட்டார்கள், காய் எக்கச்சக்கம், எடுப்பது பெண்கள். வெடித்த சுளையின் ஓட்டு நுனி விரலைக் கிழிக்கும். எடுத்து முடித்தால் பருத்திமாரைப் பிடுங்கிக் கட்டி அடுப்புக்குச் சேர்க்க வேண்டும். ஆண்கள் செய்த வேலைக்கு முதலில் இயந்திரம் வந்தது, பெண்கள் செய்த வேலைக்குக் கடைசியில் வந்தது. இதை எந்த விவசாயக் கண்காட்சியிலும் சொல்ல மாட்டார்கள்.

கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மாவாட்டும் கிரைண்டர் பிறந்ததே கோயமுத்தூரில்தான். எங்கள் வீட்டுக்கு அது எப்போது வந்தது? சித்தி கல்யாணமாகி வரும்போது சீரோடு வந்தது. அதுவரை, எதிரே மோட்டார் ரூமில் கரண்டு ஓடிக்கொண்டிருக்க, ஆத்தா ஆட்டாங்கல்லில் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கிணறு வற்றிய பிறகு விசைத்தறி போட்டோம். கூலி நெசவு, மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆத்தா அறுபது வயதுக்கு மேல் தார் சுற்ற (தறிக்கு ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவது) உட்கார்ந்தார். அந்த மீட்டர் கணக்கில் தார் சுற்றியவருக்கு என்று ஒரு பைசா தனியாக எழுதியதில்லை. வெளியாளை வைத்துச் சுற்றியிருந்தால் வாராவாரம் கூலி கொடுத்திருப்போம்.

செவலைக்கன்று:

தறி அண்ணா, மோட்டார் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த மோட்டாருக்காக ஆண்களும் சும்மா இருக்கவில்லை. 1970இல் மின்கட்டணம் ஏற்றியதை எதிர்த்துப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. 1972இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோயமுத்தூரையே நிறுத்தினார்கள். இலவச மின்சாரம் சும்மா வந்துவிடவில்லை.

தறிச்சத்தம்:

இல்லை என்று யார் சொன்னது? எங்கள் தாத்தாவும் வண்டி கட்டிக்கொண்டு போனவர்தான். அவர் போராட்டத்துக்குப் போன நாட்களில் எருமைக்குச் சோளத் தட்டு வெட்டிப் போட்டது யார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

களைக்கொத்து (மூலனூர் பக்கம்):

எல்லாவற்றையும் படித்தேன். நானும் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் ஆயாவுக்கு (பாட்டி) தோட்டம் இல்லை, எருமை இல்லை. உங்கள் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்.

அவர் வேலையைச் சொல்கிறேன். விடிவதற்குள் சொந்த வீட்டில் தண்ணீர் எடுத்து, கூழ் காய்ச்சி, போசியில் ஊற்றி எடுத்துக்கொண்டு, வெயில் கிளம்பும்போது பண்ணாடி (நிலத்துக்காரர்) காட்டில் வரிசை பிடிக்க வேண்டும். களை வெட்டு, பருத்தி எடுப்பு, சோளத் தட்டு அறுப்பு, கடலைக்காய் ஆய்வது. அந்தக் காலத்தில் கூலி தானியமாகத்தான், கம்போ சோளமோ அளந்து போடுவார்கள். ஆண்களுக்கு ஓர் அளவு, பெண்களுக்கு அதைவிடக் குறைவு. பணமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. பொழுது இறங்கித் திரும்பும்போது தலையில் ஒரு சுமை முள் விறகு. வந்து உரலில் கம்பு இடித்துப் புடைத்தால்தான் அடுத்த நாள் கூழ். உங்கள் அப்பத்தாவும் இடித்தார், ஆயாவும் இடித்தார். ஆயா இடித்தது கூலி கிடைத்த நாளில் மட்டும்.

மேலே மோர் பற்றி எழுதவில்லை, நான் எழுதுகிறேன். வெண்ணெய் எடுத்த மோரைக் காட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு ஊற்றுவார்கள். போசியைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊற்றுகிறவர் தூக்கித்தான் ஊற்றுவார், பாதி கீழே தெறிக்கும். ஆயா அந்த மோரைக் குடித்துத்தான் மத்தியானம் வேலை செய்தார். மோர் நல்லாயிருக்கும் என்றும் சொல்வார்.

செவலைக்கன்று:

அம்மணி, அது அந்தக் காலத்து வழக்கம். எங்கள் அப்பத்தா யார் மனசும் நோகப் பேசியதில்லை. இந்த இழையில் அதையெல்லாம் கொண்டுவர வேண்டுமா என்று தோன்றுகிறது.

களைக்கொத்து:

உங்கள் அப்பத்தா நல்லவராகவே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. களை வெட்டும் வரிசையில் கூலியாட்களோடு தானும் குனிந்து வெட்டியிருப்பார், அதையும் ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் வேலையை நுணுக்கமாக எழுதச் சொன்னது கிளுவைவேலி அண்ணன். மோர் கடைந்தது வேலை என்றால், மோர் வாங்கத் தள்ளி நின்றதும் அதே காட்டில், அதே நாளில் நடந்ததுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் 2008இல் நூறு நாள் வேலை வந்தது, அப்போது இன்னும் ஈரோடு மாவட்டம்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆயா பேரில் ஒரு பாஸ்புக். அவர் வாழ்க்கையில் அவர் பேர் அச்சான முதல் கணக்கு அது. ரேசன் கார்டில்கூட அவர் இன்னாரின் மனைவிதான். பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார். பண்ணாடிமார் எல்லாம் "நூறு நாள் வேலையால ஆளே கெடைக்கறதில்ல" என்று புலம்பினார்கள். கூலியை ஏற்றிக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும்.

கோபி வாய்க்கால்:

களைக்கொத்து அக்கா, எழுதியதற்கு நன்றி. நிறுத்திவிடாதீர்கள்.

பெங்களூர்ப் பேத்தி:

நான் சின்னவள், எனக்கு விவசாயம் தெரியாது. ஒரு சந்தேகம். எல்லாப் பாட்டிகளும் இவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள். யார் பேரில் பட்டா இருந்தது? எங்கள் வீட்டில் கேட்டேன், தாத்தா இறந்த மறு வருசமே பாட்டியிடம் ஒரு பத்திரத்தில் ரேகை வாங்கிவிட்டார்கள் என்று அம்மா சொன்னார். பாட்டிக்குச் சட்டப்படி ஏதாவது இருந்ததா?

முத்திரைத்தாள்:

பத்திரம் எழுதுகிற தொழில், அதனால் பதில் சொல்கிறேன். நிறையவே இருந்தது அம்மணி.

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் உயிரோடு இருந்தால் அவர், எல்லோருக்கும் சமபங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வியே இதில் இல்லை. பூர்வீகச் சொத்தில்தான் கணக்கு வேறு. அதில் மகள்களுக்கும் மகனுக்கு இணையான உரிமை தமிழ்நாட்டில் 1989இல் வந்தது, அந்த வருசம் மார்ச் 25ஆம் தேதிக்கு முன்பே கல்யாணமாகிவிட்டவர்களை விட்டுவிட்டு. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வரம்பையும் எடுத்துவிட்டது.

அப்படியானால் உங்கள் பாட்டி பங்கு எங்கே போயிற்று? விடுதலைப் பத்திரத்தில் போயிற்று. "என் பாகத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு வரி எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன், தொழில் அது. வாசித்துக் காட்ட வேண்டும். பாதிப் பேர் "வாசிக்க வேண்டாமுங்க, பையன் சொன்னாச் சரி" என்பார்கள். கட்டைவிரலில் மை தடவும்போது பார்த்தால் சில பேருக்கு ரேகையே சரியாக விழாது. களைக்கொத்துப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்திருக்கும். இரண்டு, மூன்று தடவை உருட்டி எடுக்க வேண்டும்.

செவலைக்கன்று:

இதெல்லாம் சரிதான். ஆனால் பாட்டிமார் யாரும் ஏமாந்து ரேகை வைக்கவில்லை. நிலம் துண்டு துண்டாகப் போய்விடக் கூடாது, பசங்க ஒற்றுமையாக இருக்கணும் என்று தெரிந்தேதான் வைத்தார்கள். ஐந்து ஏக்கரை ஏழாகப் பிரித்தால் யார் வெள்ளாமை செய்வது? எல்லாவற்றையும் பங்குக் கணக்காகப் பார்த்தால் குடும்பம் எதற்கு?

கோபி வாய்க்கால்:

துண்டாகிவிடும் என்ற கவலை ஏன் பெண்கள் பேர் வரும்போது மட்டும் வருகிறது? எங்கள் மாமாக்கள் மூன்று பேர் மூன்றாகப் பிரித்தபோது யாரும் கவலைப்படவில்லை. அம்மிச்சி கடைசிக் காலத்தில் மூன்று வீட்டிலும் மாதம் மாறி மாறி இருந்தார். சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் தன் வெற்றிலைப் பாக்குக்குக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முதியோர் பணமும் கிடைக்கவில்லை, மகன்கள் இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது என்று. நிலம் யாருக்கு இருந்தது?

தறிச்சத்தம்:

செவலை, நீங்களே எழுதினீர்கள், வெண்ணெய்க் காசு அவர் கையில் இருந்ததால்தான் உங்கள் அப்பா படித்தார் என்று. தன் கையில் காசு இருந்தபோது அவர் எப்படிச் செலவு செய்தார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நிலமும் கையில் இருந்திருந்தால் குடும்பத்தைக் கலைத்திருப்பாரா?

செவலைக்கன்று:

நல்ல கேள்வி. அப்பாவிடம் கேட்கிறேன். எங்கள் வீட்டிலும் எழுபதுகளில் ஒரு பத்திரம் எழுதியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், யார் யார் பேர் அதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிளுவைவேலி:

நான் வேலைப் பட்டியல் கேட்டேன், இழை பத்திர ஆபீசுக்குப் போய்விட்டது. போகட்டும், போக வேண்டிய இடம்தான்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. தோட்டம் அப்பாரு சொந்தமாகக் கிரயம் வாங்கியது. உயில் இல்லை. அவர் இறந்து எத்தனையோ வருசம் ஆகியும் பாகம் பிரிக்கவில்லை, பட்டா இன்னும் அவர் பேரில். அப்பத்தா எதிலும் ரேகை வைக்கவில்லை. பெரியப்பா இப்போது விடுதலைப் பத்திரம் தயார் செய்துவிட்டார், மூன்று அத்தைகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். முத்திரைத்தாள் அண்ணா, இதில் அப்பத்தாவின் பங்கு என்னவாகும்?

முத்திரைத்தாள்:

அப்பாரு இறந்த அன்றே அப்பத்தாவுக்கு ஒரு பங்கு வந்துவிட்டது. பட்டா மாறாவிட்டாலும் உரிமை வந்ததுதான். அவரும் உயில் எழுதாமல் தவறியிருந்தால் அந்தப் பங்கு மகன், மகள் எல்லோருக்கும் சமமாகப் போகும். ஆக அத்தைகளுக்கு அப்பா வழியில் ஒரு பங்கு, அம்மா வழியில் ஒரு பங்கு. முதலில் இரண்டு பேருக்கும் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அத்தைகள் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் விட்டுக்கொடுக்கட்டும், அது அவர்கள் விருப்பம். எதை விடுகிறோம் என்று சர்வே எண்ணோடு வாசித்துக் காட்டிய பிறகு. சீர் செய்தோமே, நகை போட்டோமே என்ற பேச்சு வரும். அது வேறு கணக்கு, சட்டத்தில் பங்குக்கு ஈடு ஆகாது.

களைக்கொத்து:

அண்ணா, பெரியப்பா போஸ்டரில் போட்ட 'உழைப்பின் சிகரம்' என்ற வரியைப் பத்திரத்திலும் ஒரு ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கிளுவைவேலி:

சிரித்துவிட்டேன், சண்டை வரப்போவது உறுதி என்றாலும்.

நேற்று மூன்று அத்தைகளிடமும் பேசினேன். பெரிய அத்தை "எங்களுக்கெதுக்குச் சாமி, அண்ணன் நல்லாருந்தாப் போதும்" என்றார். நடு அத்தை மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சின்ன அத்தை அப்பத்தாவோடு கடைசிவரை கட்டுத்தரையில் நின்றவர், கல்யாணமாகிப் போன பிறகும் பருத்தி எடுப்புக்கு வந்துவிடுவார். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "கெணறு யாரு பக்கம் விழுகுதுன்னு உம் பெரீப்பனக் கேட்டுட்டு வா. அப்பறம் கையெழுத்துப் பேச்சப் பேசலாம்."